குண்டு ஒழுகுது, மருமகனே

வாங்கிட்டியாமே. பழைய ஸ்ரீ நம்பர் லேண்ட்ரோவர். கலஹா பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில, உர மூட்டைக்குப் பின்னால கோழி அடைஞ்சு கிடந்ததாம். உங்க அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்க அம்மா போன்ல அழுதாளாம், உங்க அப்பா சிரிச்சாராம். நான் ரெண்டும் செய்யமாட்டேன். நல்ல காரியம்தான் செஞ்சிருக்க. காசை பாங்குல போட்டா வட்டி வரும், லேண்ட்ரோவர்ல போட்டா வேலை வரும். வயசுப் பிள்ளை சும்மா இருக்கக்கூடாது பாரு.

உன்னை மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. தனியார் வாகனத்துக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலதான். அதுக்குள்ள இந்த நாட்டுல துருப்பிடிச்சதுக்கெல்லாம் விலை ஏறிப்போச்சு. இரும்புக்கடைக்காரன் வேண்டாம்னு தள்ளினதையெல்லாம் 'கிளாசிக்'னு சொல்லி வித்தான். அதை வாங்க நீ இருந்த. சந்தைன்னா அப்படித்தான், விக்கிறவன் ஒருத்தன் இருந்தா அவனுக்குன்னு ஒரு மருமகன் பிறந்திருப்பான்.

இப்ப முன் அக்ஸிலை நீயே வீட்டுல கழட்டிப் பூட்டப்போறியாம். அதுவும் எல்லா வேலையையும் முடிச்சுட்டு, ஹுன்னஸ்கிரியாவுல திரும்பி, லூல்வத்தை வழியா கோர்பட்ஸ் கேப் ஏறி, மீமுரேக்கு இறங்கி படம் எடுக்கப்போறியாம். போ ராசா, யாரு வேண்டாம்னா. ஆனா படம் எடுக்கிறதுக்கு முன்னால வண்டி நிக்கணும், நிக்கிறதுக்கு முன்னால திரும்பணும். அதுக்காகத்தான் இவ்வளவும் சொல்றேன். கேட்டா கேளு, இல்லாட்டி உனக்கு விக்க வந்தவன்கிட்டயே கேளு. அவனும் நல்ல மனுஷன்தான், உன் காசுல இப்ப ஒரு நல்ல வேன் வாங்கியிருப்பான்.

முதல்ல நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். பெயின்ட் அடிப்ப. பச்சையா, மண்கலரான்னு உன் கூட்டாளிங்களோட ஒரு மாசம் பேசுவ. அதுக்குள்ள முன் சக்கரத்துக்குக் கீழ எண்ணெய் குளம் கட்டியிருக்கும். அதை அட்டைப்பெட்டி போட்டு மறைச்சிட்டுத் திரும்பவும் பச்சையா, மண்கலரான்னு பேசுவ.

குனிஞ்சு பாரு. சக்கரத்துக்கு உள்பக்கம், அக்ஸில் முடியிற இடத்துல ஒரு இரும்புக் குண்டு இருக்கு. அந்தக் காலத்துல அது கண்ணாடி கணக்கா மின்னும், இப்ப அம்மைத் தழும்பா இருக்கும். அதைக் கவ்வினபடி ஒரு கூடு, அந்தக் கூட்டோடதான் சக்கரம் இடம் வலம் திரும்புது. குண்டுக்கு உள்ள சைட் ஷாஃப்ட் போகுது, ஷாஃப்ட்டுல ஒரு ஜொயின்ட். சக்கரம் திரும்பினாலும் ஓட்டம் அறாம இருக்க அந்த ஜொயின்ட் வேணும். அது ஊற எண்ணெய் வேணும், எண்ணெய் வெளிய வராம இருக்க குண்டைச் சுத்தி ஒரு சீல் வேணும். குரோம் பூச்சு நல்லா இருக்கிற வரைக்கும் சீல் வழுக்கிக்கிட்டுப் போகும். நம்ம மழையில நின்னு நின்னு குண்டுல துருக்குழி விழுந்தா, நீ ஸ்டியரிங்கைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி சீலை அராவும். பேராதனைச் சந்தியில ஒரு தடவை, கட்டம்பையில ஒரு தடவை, கட்டுக்கலையில பிள்ளையாருக்குக் கும்பிடு போடத் திரும்பினா இன்னொரு தடவை. பிள்ளையார் என்ன செய்வாரு, அவருகிட்ட சீல் இல்லையே.

ஒழுகுதேன்னு மட்டும் கவலைப்படாத. ஒழுகுறதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். ஒருநாள் காலையில எழும்பிப் பாக்கிற, தரை காய்ஞ்சு கிடக்குது. அன்னைக்குத்தான் பயப்படணும்.

இந்த வண்டியோட கதையையும் கேளு. நீ நிக்கிற ஊரு சும்மா ஊரில்ல, தெரிஞ்சுக்க. 1944 ஏப்ரல்ல மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டெல்லியில இருந்து கண்டிக்குத் தூக்கிட்டு வந்தாரு. பேராதனைப் பூங்காவுக்குள்ள கந்தோர் போட்டு, நம்ம மூங்கில் புதருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு பர்மாவுல நடக்கிற சண்டைக்குத் திட்டம் போட்டாங்க. அந்த யுத்தத்துல ஓடின வண்டி வில்லிஸ் ஜீப். யுத்தம் முடிஞ்ச பிறகு இங்கிலாந்துல ரோவர் கம்பெனியோட மொரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சியில இருக்கிற தன்னோட பண்ணையில பழைய வில்லிஸ் ஒண்ணை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு. இது படுத்துட்டா வேற எதை வாங்குறதுன்னு யோசிச்சுப் பாத்து, நாமளே ஒண்ணு செஞ்சா என்னன்னு இறங்கிட்டாரு. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில லேண்ட்ரோவர் வெளிய வந்துச்சு. அப்ப இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால பாடியை அலுமினியக் கலவையில செஞ்சாங்க. கதவு இன்னைக்கும் துருப்பிடிக்காம இருக்கிறது அதாலதான். அதைத் தட்டிப் பாத்துட்டு நீ காசு குடுத்த. ஆனா சேசிஸ் இரும்பு. அதை யாரும் உனக்குத் தட்டிக் காட்டியிருக்கமாட்டாங்க.

நம்ம மலைக்கு அது துரைமாரோட வந்துச்சு. ஏற்றத்துல சம்பளப் பெட்டி ஏத்திச்சு, இறக்கத்துல பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு இறக்கிச்சு. 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு. துரை கப்பல் ஏறிட்டாரு, லேண்ட்ரோவர் ஏறல. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம்னு போர்டு மாறிச்சு. 1992ல கம்பெனிக்காரங்க வந்தாங்க, திரும்பவும் போர்டு மாறிச்சு. போர்டு மாறும்போதெல்லாம் ட்ரைவர் மாறினான், ஒவ்வொரு ட்ரைவரும் தன்னோட சுத்தியலைக் கொண்டு வந்தான். அப்ப உன் அக்ஸிலுக்குள்ள இருக்கிறது மலையகத்து வரலாறு மருமகனே, பாதிக்கு மேல உளியால எழுதினது.

நம்பமாட்டியா? ஹப்பைத் திற. சக்கரத்தைக் கழட்டினா ப்ரேக் ட்ரம், அதைப் பிடிச்சிருக்கிறது மூணே மூணு திருகாணி. அந்த மூணும் ட்ரம்மோட கல்யாணம் கட்டி ஐம்பது வருஷம் ஆயிருக்கும். சாதாரண ஸ்க்ரூட்ரைவர் வச்சு முறுக்கினா வாய் கிழிஞ்சுபோகும், பிறகு ட்ரில் போட்டு எடுக்கணும். சுத்தியலால அடிச்சா திரும்புற இம்பாக்ட் ட்ரைவர் ஒண்ணு வாங்கிக்க. முதல் நாளே துருவிறக்கிற எண்ணெய் விட்டு ஊற வை. ட்ரம் வந்ததும் உள்ள கறுப்புத் தூசி இருக்கும், உடனே காத்துப் பம்பைத் தேடாத. பழைய ப்ரேக் லைனிங்ல கல்நார் இருக்கும், அது நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது. மூக்கைக் கட்டிக்கிட்டு ஈரத் துணியால துடைச்சு, துணியைப் பையில போட்டுக் கட்டித் தூக்கிப் போடு. இதுல மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லல.

பிறகு ஷாஃப்ட் நுனியில தொப்பி, நட்டு, அந்த ஆறு போல்ட்டு ஃப்ளேஞ்ச், எல்லாம் வந்துடும். அதுக்கு அடியில ரெண்டு பெரிய நட்டு, நடுவுல மடிச்சு விட்ட தகடு. அதைப் பாத்த உடனே நான் சொன்ன வரலாறு உனக்குப் புரிஞ்சுடும். ஆறு மூலையும் உளி அடிச்சு அடிச்சு வட்டமாப் போயிருக்கும். அந்த நட்டுக்கு 52 மில்லிமீற்றர் குழாய் ஸ்பானர் வேணும். அது பெரிய விலையில்ல, இருந்தாலும் எந்தக் கொட்டகையிலயும் இருக்காது. உளிதான் இருக்கும். உளிக்காரன் எப்படி இறுக்குவான்? அவனுக்கு வேர்க்கிற வரைக்கும். அப்படி இறுக்கின பெயாரிங் எத்தனை மைல் போகும்? அடுத்த ட்ரைவர் வர்ற வரைக்கும்.

இதையெல்லாம் கழட்டுறதுக்கு முன்னால வண்டியை எங்க நிப்பாட்டப்போற, அதைச் சொல்லு. கண்டியில வீடு கட்டினவனுக்கு சமதரைன்னு ஒண்ணு குசினிக்குள்ளதான் இருக்கும். உங்க வீட்டு முத்தம் ஹந்தானையைப் பாத்து ஏறி, ரோட்டைப் பாத்து இறங்குது. அங்க ஜக் அடிச்சு வண்டியைத் தூக்கினா அது உன்கிட்ட சொல்லாமலே கண்டி டவுனுக்குப் போயிடும். இந்த வண்டியோட ஹேண்ட் ப்ரேக் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்குது, சக்கரத்தை இல்ல. ஒரு பின் சக்கரம் மேல எழும்பினா பிடி போச்சு. சமதரை கிடைக்கிற கூட்டாளி வீட்டுக்குப் போ. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வை. சேசிஸுக்குக் கீழ இரும்பு ஸ்டேண்ட் வை. சீமெந்துக் கல்லு அடுக்கலாம்னு ஒருத்தன் வருவான், எல்லா ஊர்லயும் இருக்கிறவன் அவன். அந்தக் கல்லு முன்னறிவித்தல் குடுத்துட்டு உடையாது.

இன்னொண்ணு. முன் சேசிஸ் குறுக்குச் சட்டத்துக்குள்ள செங்குத்தா ஒரு ஸ்டியரிங் ரிலே இருக்கும். அதுக்கு உள்ள பலமான ஸ்பிரிங் ஒண்ணை அமுக்கி வச்சிருக்காங்க. தெரியாம கழட்டினா அது கூரையைப் பாத்துப் போகும், நடுவுல உன் தாடை இருந்தா அதையும் கூட்டிக்கிட்டுப் போகும். அக்ஸில் வேலைக்கு அது தேவையில்ல. கை பரபரன்னு இருந்தா போய் பெயின்ட் கலரைப் பேசு.

சரி, குண்டு கையில வந்துடுச்சுன்னு வச்சுக்க. துருக்குழி சின்னதா இருந்தா இரும்புப் பசை பூசி, காஞ்ச பிறகு வோட்டர் பேப்பர்ல நைசாத் தேய்ச்சு எடுத்தா ஓடும். நகம் மாட்டுற அளவு குழின்னா புதுக் குண்டு. இங்கதான் உன் பர்சும் மனசும் சண்டை போடும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைத்தெருவுக்குப் போனா கிடைக்கும், ஆனா அங்க போறதுக்கு ஒரு முறை இருக்கு. சுத்தமான சேட்டு போட்டுக்கிட்டு, சாவிக்கொத்தைச் சுழட்டிக்கிட்டுப் போனா ஒரு விலை. கிறீஸ் படிஞ்ச சாரத்தோட பழைய சாமானைக் கடதாசியில சுத்திக்கிட்டுப் போயி, ஒண்ணும் கேக்காம நின்னா இன்னொரு விலை. பெட்டியில என்ன பேரு போட்டிருக்குன்னு பாக்காத, பெட்டி அச்சடிக்க எவனுக்கும் தெரியும். பெயாரிங்கை வெளிய எடுத்து, அதோட உடம்புல வெட்டின நம்பரைப் பழசோட நம்பரோட ஒத்துப் பாரு. உருளையை விரலால சுத்திப் பாரு, கரகரன்னா வச்சிட்டு வா. கடைக்காரன் கோவிப்பான். அவன் கோவம் தேத்தண்ணி குடிச்சா போயிடும், உன் பெயாரிங் போனா மீமுரேயில போகும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இவ்வளவு நேரம் பேசினது இதுக்குத்தான்.

உன் கையில ஒரே ஒரு பழக்கம் இருக்கு மருமகனே, இறுக்குறது. சின்ன வயசுல சைக்கிள் நட்டை இறுக்கி இறுக்கி ரெண்டாக்கின பய நீ. முன் அக்ஸில் அப்படிப்பட்டவனைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கு. ஒரே சக்கரத்துக்குப் பின்னால ரெண்டு இடம் இருக்கு, ஒரு சாண் தூரம்கூட இல்ல. ஒண்ணு கொஞ்சம் தளர்வா இருந்தாத்தான் வாழும், மத்தது கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் வாழும். ரெண்டையும் ஒரே மாதிரி இறுக்கினா ஒண்ணு வெந்துபோகும், ஒரே மாதிரி விட்டா மத்தது உதறிப்போகும்.

தளர்வு கேக்கிறது ஹப். அதுல ரெண்டு கூம்பு பெயாரிங். ஓடினா சூடாகும், சூடானா விரியும். விரிய இடம் விடணும். புத்தகத்துல அதுக்குக் கணக்கு இருக்கு, ஒரு இஞ்சில ஆயிரத்தில் 4 முதல் 6 பங்கு. மில்லிமீற்றர்ல 0.10 இல இருந்து 0.15. உன் கந்தோர் போட்டோகொப்பி மெசின்ல போடுற தாள் இருக்கே, கிட்டத்தட்ட அந்தத் தாள் ஒண்ணோட கனம். ஹப்பைப் பிடிச்சு உள்ளயும் வெளியயும் இழுத்தா அவ்வளவுதான் அசையணும். கைக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. டயல் கேஜ் வைக்கணும், காந்தக் காலோட. முதல் நட்டை இறுக்கி, ஹப்பைச் சுத்திவிட்டு, பெயாரிங் உக்காந்த பிறகு கொஞ்சம் பின்வாங்கி, முள்ளைப் பாத்து நிப்பாட்டு. பிறகு தகடு, ரெண்டாவது நட்டு. ரெண்டாவதை இறுக்கும்போது முதல்ல வச்ச கணக்கு மாறும். திரும்பப் பாரு. திரும்ப மாறும். திரும்பப் பாரு. இந்த இடத்துலதான் உங்க தாத்தா காலத்துல உளிக்காரன் "சரி, போதும்"னு எழும்பினான்.

இறுக்கம் கேக்கிறது குண்டோட கூடு. அதுக்கு மேல ஒரு கிங்பின், கீழ ஒரு கிங்பின். கீழ கூம்பு பெயாரிங், மேல ரெய்ல்கோ புஷ், அது உலோகமில்ல, பிசினும் நாரும் சேர்ந்த சாமான். அந்த மேல் புஷ் வேணும்னே கொஞ்சம் பிடிச்சு நிக்கணும். பிடி போச்சுன்னா, ரோட்டுல ஒரு குழியில விழுந்த உடனே முன் சக்கரம் ரெண்டும் உதற ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும், உனக்குப் பக்கத்துல இருக்கிறவன் தெரிஞ்ச சாமியையெல்லாம் கூப்பிடுவான். கண்டியில குழிக்குப் பஞ்சமில்லன்னு உனக்கே தெரியும். இதுக்கு மருந்தா ஒரு ஸ்டியரிங் டாம்பரை வாங்கிப் பூட்டுன்னு சொல்றவன் இருக்கான். அது உதறலை மறைக்கும், தேய்மானத்தைத் தீர்க்காது. மறைக்கிறதுக்குத்தான் பெயின்ட் இருக்கே.

மேல் கிங்பின்னுக்குக் கீழ மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். ஒண்ணை எடுத்தா பிடி கூடும், ஒண்ணைச் சேர்த்தா குறையும். எவ்வளவு பிடின்னு கண்டுபிடிக்க ஸ்டியரிங் ஆர்ம் கண்ணுல ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுக்கணும். கூடு மெதுவா நகர ஆரம்பிச்ச பிறகு முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்து, உன் வண்டி மொடலுக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற கணக்கோட ஒத்துக்கணும். சீல் போடுறதுக்கு முன்னால இழு. சீலோட இழுத்தா சீலோட பிடியும் சேர்ந்து வரும், நீ ஏமாந்துபோவ.

தராசுக்கு எங்க போவன்னு யோசிக்கிறியா? தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசை இரவல் கேக்கலாம்னு உனக்கு ஒரு எண்ணம் வரும். வேண்டாம். உங்க பாட்டி தலையில கூடை சுமந்த காலத்துல இருந்து அந்தத் தராசோட முள்ளு கணக்கப்பிள்ளை பக்கம்தான் நிக்கும். ஈரத்துக்கு ஒரு கிலோ, கூடைக்கு ஒரு கிலோன்னு கழிச்சே பழகினது அது. அதை வச்சு கிங்பின் பாத்தா உன் அக்ஸிலுக்கும் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். நம்ம வீட்டுல மீன் நிறுக்கிற தராசு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டுப் போ. மீன்காரனை நம்பாம உங்க அத்தை வாங்கி வச்சது. அவ நம்பாம வாங்கின சாமான் எதுவும் பொய் சொன்னதில்ல.

ஷாஃப்ட் நடுவுல இருக்கிற ஹார்டி ஸ்பைசர் ஜொயின்ட்டையும் பாத்துக்க. நாலு கிண்ணம், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஊசி மாதிரி உருளைகள். அடிச்சு ஏத்தும்போது ஒரு ஊசி சரிஞ்சு அடியில படுத்துட்டா கிண்ணம் முழுசா இறங்காது. உனக்கு என்ன தோணும்? இன்னும் ஒரு அடி போட்டா இறங்கிடும்னு தோணும். அந்த அடியைப் போடாத. வெளிய எடுத்து, கிறீஸ் வச்சு ஊசியை நிமித்தி, திரும்பப் போடு.

பூட்டும்போது ஒரு கூத்து நடக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன். பெரிய சீல் இருக்கே, அது முழு வளையம். அதையும் அதைப் பிடிக்கிற தட்டையும் குண்டுக்குப் பின்பக்கமா மாட்டிட்டுத்தான் குண்டை அக்ஸிலோட பூட்டணும். எல்லாரும் என்ன செய்வாங்க? குண்டைப் பூட்டுவாங்க, கூட்டைப் பூட்டுவாங்க, ஷிம் பாப்பாங்க, ஷாஃப்டைத் தள்ளுவாங்க, ஹப்பை ஏத்துவாங்க, கையைக் கழுவுவாங்க. கழுவிட்டுத் திரும்பினா சீல் மேசை மேல உக்காந்து அவங்களையே பாத்துக்கிட்டிருக்கும். அப்ப ரெண்டு வழி. ஒண்ணு, எல்லாத்தையும் திரும்பக் கழட்டுறது. மத்தது, பிளேடால சீலை ஒரு இடத்துல வெட்டி, வளைச்சுப் போட்டு, வெட்டு மேல்பக்கம் வர்ற மாதிரி வச்சு, யாருக்கும் சொல்லாம இருக்கிறது. ரெண்டாவது வழியில ஓடுற வண்டிங்க இந்த மலையில நிறைய. உன்னோடதும் அப்படித்தான் இருக்கும், கழட்டும்போது பாரு.

இன்னொரு சின்ன சாமான், அதை எவனும் கண்டுக்கிறதில்ல. அக்ஸில் முதுகுல ஒரு மூச்சுக்குழல் இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. அதுல மண் அடைஞ்சிருந்தா, ஓடிச் சூடாகும்போது உள்ள இருக்கிற காத்துக்கு வெளிய வர வழியில்ல. அது எண்ணெயைச் சீல் வழியாத் தள்ளும். ஆத்துக்குள்ள இறக்கினா அக்ஸில் சட்டுனு குளிரும், அப்ப அதே வழியாத் தண்ணியை உள்ள உறிஞ்சும். டிஃபரன்ஷல் எண்ணெயை இறக்கும்போது பால் தேத்தண்ணி நிறத்துல வந்தா, மகாவலி உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க. அந்தக் குழலைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவ ஒரு சதம் செலவில்ல. காசு செலவில்லாததால எந்த கராஜ்லயும் உனக்கு அதைச் சொல்லமாட்டாங்க.

எண்ணெய் ஈபி 90. டிஃபரன்ஷலுக்கு ஒண்ணே முக்கால் லீற்றர், குண்டுக்கு அரை லீற்றர். குண்டுக்குள்ள கிறீஸை அடைச்சா ஒழுகாதுன்னு ஒரு கட்சி இருக்கு. பின்னால வந்த மொடல்களுக்குக் கம்பெனியே அப்படி ஒரு இளகின கிறீஸ் குடுத்துச்சு. வெறும் கட்டிக் கிறீஸை அள்ளித் திணிக்கிறது வேற. அது சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கும், ஜொயின்ட் காஞ்சு சாகும். வெளிய ஒரு சொட்டும் வராது, வண்டியை விக்கிறவனுக்கு அது நல்ல மருந்து. உனக்கு வித்தவனும் அதைத்தான் போட்டிருப்பானோ என்னமோ.

கடைசியா ட்ராக் ரோட் பூட்டி, சக்கரம் ரெண்டும் முன்பக்கம் கொஞ்சம் உள்ள பாக்கிற மாதிரி வைக்கணும். 1.2 இல இருந்து 2.4 மில்லிமீற்றர். வீட்டுலயே நூல் கட்டி, ரூல் தடி வச்சு அளக்கலாம். சந்தேகம்னா அலைன்மென்ட் கடையில காட்டு. கார் பழகின பய ஒருத்தன் இந்த வண்டியைப் பாத்த உடனே மேனேஜரைக் கூப்பிடுவான். வெக்கப்படாத.

இவ்வளவும் இடது பக்கத்துக்கு.

வலது பக்கத்துலயும் ஒரு குண்டு இருக்கு மருமகனே. அதையும் இதே மாதிரி செஞ்சுட்டு வா, பிறகு ஓட்டிப் பாக்கிறதைப் பேசுவோம். இடதைச் செஞ்சு முடிச்ச சந்தோஷத்துல வலதை அப்படியே விட்டவனுங்க இருக்கானுங்க. அவனுங்க வண்டி வீட்டுக்குத் திரும்பி வர்றதுன்னா வலது பக்கமாத்தான் வரும்.

ரெண்டும் முடிஞ்சா, எடுத்த எடுப்புலயே மீமுரே வேண்டாம், பதினெட்டு வளைவு ரோடும் வேண்டாம். ஹந்தானை ரோட்டுல தேயிலை நூதனசாலை வரைக்கும் மெதுவா ஏறு, அங்க நிப்பாட்டி இறங்கி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாரு. இளஞ்சூடு நல்லது. கையை வைக்க முடியலன்னா அந்த ஆயிரத்தில் நாலை நீ விடல, உன் பழக்கத்தைக் காட்டிட்ட. சின்ன வேகத்துல கையை ஸ்டியரிங்ல இலேசா வச்சுக்கிட்டு ஒரு குழியைத் தேடி விடு. தேட வேண்டியதில்ல, வரும். இறங்கும்போது கிளட்சை மிதிச்சுக்கிட்டு உருளாம, ஏறின கியர்லயே இறங்கு. ப்ரேக்கைக் கழட்டிப் பூட்டினவன் நீ, அதை நானும் மறக்கல.

அந்த மஞ்சள் குமிழ் விசயம். அதை அமத்தினா முன் அக்ஸிலும் சேர்ந்து இழுக்கும். உன் கூட்டாளிங்க முன்னால, தார் ரோட்டுல, கண்டி வாவியைச் சுத்தி வரும்போது அதை அமத்திக் காட்டணும்னு உனக்கு ஆசை வரும். இந்த வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷல் கிடையாது. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், தார் ரோட்டுல வழுக்கிக் குடுக்க இடமில்ல. முறுக்கு உள்ள ஏறி ஏறி, எங்க மெலிவோ அங்க அத்துக்கும். சேறு, மணல், ஈரப்புல்லு, அங்க அமத்து. தலதா மாளிகைக்கு முன்னால அமத்த வேண்டாம், அங்க யானையே மெதுவாத்தான் நடக்குது.

கொஞ்ச நாள் ஓடின பிறகு குண்டு எண்ணெயை இறக்கி ஒரு வெள்ளைத் துணியில ஊத்திப் பாரு. மின்னுற தூள் கொஞ்சம் இருந்தா பரவாயில்ல. துண்டா வந்தா அதைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வா, எதோட துண்டுன்னு நான் சொல்றேன். வரும்போது தராசையும் கொண்டு வா. வெள்ளிக்கிழமை மீன்காரன் வர்றான், உங்க அத்தை இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டா.